டர்பன்டைனும் ஒரு வெள்ளி விமானமும்

முதல்லயே சொல்லிடறேன். பிளாஸ்டிக்ல விமானம், கப்பல், டாங்க் எல்லாம் வாங்கி, ஒட்டி, பெயிண்ட் அடிச்சு அலமாரியில வைக்கிற வியாதி இருக்கிறவங்களுக்கான விஷயம் இது. அந்த வியாதி இல்லாதவங்க, வீட்டு கேட்டுக்கு அடிக்கிற பெயிண்டைப் பத்தி நாலு சங்கதி தெரிஞ்சுக்கலாமேன்னு படிங்க, தப்பில்லை.

இந்தப் பொழுதுபோக்குல ஹம்ப்ரால்னு ஒரு பெயர் உண்டு. இங்கிலாந்துல ஹல் நகரத்துல 1919-ல ஆயில் கம்பெனியா ஆரம்பிச்சு, பிற்பாடு மாடல் பெயிண்டுக்கே பெயர் வாங்கின கம்பெனி. விக்ஸ் டப்பா மாதிரி குட்டியூண்டு தகர டப்பா, 14 மில்லி. அருமையான பெயிண்ட்தான், மறுக்கலை. ஆனா மதுரையில உட்கார்ந்துகிட்டு அதை வாங்கறதுன்னா முதல்ல விலை, அப்புறம் வருமாங்கற சந்தேகம். எனாமல் தீப்பிடிக்கிற சரக்கு. சாதாரண பார்சல் மாதிரி விமானத்துல ஏத்த மாட்டாங்க. தரை வழியா வரணும். வந்து சேர்றதுக்குள்ள ஆர்டர் பண்ணினதே மறந்து போயிரும்.

ஆனா சிம்மக்கல் பக்கம் எந்த ஹார்டுவேர் கடைக்குப் போனாலும் 50 மில்லி எனாமல் டப்பா கிடைக்கும். ஏஷியன் பெயின்ட்ஸ், பெர்ஜர், நெரோலாக்னு உங்க இஷ்டம். நாலு டீ குடிக்கிற காசுதான். பெயர் வேற, டப்பா வேற, ஆனா அடிப்படையில ரெண்டும் ஒரே குடும்பம். ஆல்கைட் ரெசின்னு ஒரு பசை, நிறப்பொடி, இது ரெண்டையும் கரைச்சு வச்சிருக்கிற மினரல் டர்பன்டைன். வித்தியாசம் எங்கேன்னா, வீட்டு பெயிண்ட் வெயில் மழைக்குத் தாங்கணும், பளபளக்கணும், அதனால பசை அதிகம், அடிச்சா தடிமனா நிக்கும். மாடல் பெயிண்ட்ல நிறப்பொடி நைசா அரைச்சிருக்கும், மெல்லிசா படியும். நிஜ விமானத்தை எழுபத்திரண்டுல ஒரு பங்கா சுருக்கி வச்சிருக்கோம். கேட்டுக்கு அடிக்கிற தடிமன்ல அதுக்கு அடிச்சா, ரிவெட் கோடு, பேனல் கோடு எல்லாம் மூடிப்போய் சர்க்கரைப் பாகுல முக்கின மிட்டாய் மாதிரி இருக்கும். ஆகவே, தண்ணியாக்கணும். இந்தக் கட்டுரையே அந்த ஒரு வரிதான்.

எதுல தண்ணியாக்கறது?

கடைக்காரர்கிட்ட சும்மா "தின்னர் குடுங்கண்ணே"ன்னு கேட்டா முக்கால்வாசி என்.சி. தின்னரைத்தான் எடுத்து நீட்டுவார். அது கார் பெயிண்டுக்கும், மர பாலிஷுக்கும். டொலுவீன், அசிட்டோன் மாதிரி சமாச்சாரங்கள் இருக்கும். மாடல் செய்யற பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். ரெண்டும் சேர்ந்தா என்ன ஆகும்னு பார்க்க, கிட்டில் பாகங்களைச் சுத்தி வர்ற சட்டத்துல (ஸ்ப்ரூன்னு சொல்வாங்க, தூக்கிப் போடாதீங்க, சோதனைக்கு அதுதான் எலி) ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். ரெண்டு நிமிஷத்துல மேல்தோல் கொழகொழன்னு ஆகி, விரல் ரேகை அப்படியே பதிஞ்சுது. முன்னெல்லாம் இதுக்கு பிளாஸ்டிக் ஸ்பூன் வச்சிருப்போம். 2019 ஜனவரியில நம்ம மாநிலத்துல ஒருமுறை பயன்படுத்தற பிளாஸ்டிக்குக்குத் தடை, 2022 ஜூலையில நாடு முழுக்க ஸ்பூனுக்கும் தடை. நல்லதுதான். ஸ்ப்ரூ போதும்.

பெட்ரோல்ல கலக்கிற பெயிண்டர்கள் இருக்காங்க. சீக்கிரம் காயுமாம். பிளாஸ்டிக்குக்கும் ஆகாது, வீட்டுக்கும் ஆகாது. அதைப் பத்தி மேல பேச வேண்டாம்.

மண்ணெண்ணெய் சுவாரசியமான கேஸ். பிளாஸ்டிக்கை ஒண்ணும் பண்ணாது, எனாமலை நல்லாவே கரைக்கும். ஆனா அதுல சீக்கிரம் ஆவியாகாத கனமான பகுதி நிறைய இருக்கு. காயறதுக்கு யுகமாகும், மேலே ஒரு எண்ணெய்ப் பிசுக்கு தங்கும். போதாக்குறைக்கு ரேஷன் மண்ணெண்ணெயில கள்ளத்தனமா வித்தா கண்டுபிடிக்கறதுக்காக நீலச் சாயம் போட்டிருப்பாங்க. வெள்ளை பெயிண்ட்ல அதைக் கலந்து பாருங்க, உஜாலா போட்ட வேட்டிதான்.

ஆக, மினரல் டர்பன்டைன். பெயிண்டர் அண்ணன்மார் பாஷையில வெறும் 'டர்பன்ட்'. அரை லிட்டர் பாட்டில் வாங்கினா ஒரு வருஷம் ஓடும். மண்ணெண்ணெயை ஒரேயடியா ஒதுக்கிடாதீங்க, அதுக்கும் ஒரு வேலை உண்டு. சித்திரை வைகாசியில நம்மூர் நாப்பது டிகிரியைத் தொடும்போது, பிரஷ்ல எடுத்து விமானத்துக்குக் கொண்டு போறதுக்குள்ள டர்பன்ட் பறந்துரும். பெயிண்ட் இழுபட்டு கோடு கோடா நிக்கும். அப்ப பத்து சொட்டு டர்பன்ட்டுக்கு ஒரு சொட்டு (நீலம் இல்லாத) மண்ணெண்ணெய் சேர்த்தா, கொஞ்ச நேரம் ஈரமா இருந்து தானா சமமாகும். அதுக்கு மேல வேண்டாம்.

அளவு கேட்பீங்க. பிரஷ்ஷுன்னா மூணு பங்கு பெயிண்ட், ஒரு பங்கு டர்பன்ட்டுல ஆரம்பிங்க. ஏர்பிரஷ்ஷுன்னா பாதிக்குப் பாதி. இது ஆரம்பம்தான், வேதவாக்கு இல்லை. டப்பாவுக்கு டப்பா மாறும். கண்ணளவு ஒண்ணு இருக்கு: சின்னக் கண்ணாடிக் குப்பியில கலக்கி, சாய்ச்சு, திரும்ப நிமிர்த்துங்க. பக்கச் சுவர்ல பால் டம்ளர்ல பால் வழியற மாதிரி ஒரு படலம் விட்டுட்டு இறங்கணும். ரசம் மாதிரி ஓடினா அதிகம், பாயசம் மாதிரி நின்னா குறைச்சல். அளக்கறதுக்கு இங்க் ஃபில்லர் நல்லது. மெடிக்கல் ஷாப் சிரிஞ்சும் வேலைக்கு ஆகும், ஆனா உள்ளே இருக்கிற ரப்பர் டர்பன்ட் பட்டு ஊதிப்போய் நாலு தடவையில மக்கர் பண்ணும்.

கலக்கறதுக்கு முன்னாடி டப்பாவோட அடியைக் குச்சியால துழாவணும். நிறப்பொடி எல்லாம் அடியில உட்கார்ந்து, மேலே வெறும் எண்ணெய் நிக்கும். மேலாக எடுத்தா நிறமே பிடிக்காது. குப்பிக்குள்ள ரெண்டு சைக்கிள் பால்ஸ் போட்டுக் குலுக்கினா இன்னும் நல்லா கலங்கும். சைக்கிள் கடையில காசு கூட வாங்கலை. பிறகு பழைய வேட்டித் துணியில வடிகட்டணும். தோல், கட்டி எல்லாம் துணியிலேயே நின்னுரும்.

பளபளப்பைக் குறைக்க ஒரு வழி. போர் விமானம் புது பைக் மாதிரி மின்னக் கூடாதில்லையா? டப்பாவை ரெண்டு நாள் ஆட்டாம வச்சு, மேலே தேங்கற பசை எண்ணெயில பாதியை ஃபில்லரால எடுத்துட்டு, அந்த இடத்துல டர்பன்ட் ஊத்துங்க. பசை குறைஞ்சா பளபளப்பு போயிரும். ரொம்ப எடுத்தா பெயிண்ட் பிடிமானம் இல்லாம சுண்ணாம்பு மாதிரி கையில ஒட்டும், பார்த்து. கொஞ்சமா வேணும்னா, அட்டைப்பெட்டித் துண்டுல பெயிண்டை அரை மணி நேரம் வச்சாப் போதும், அட்டையே எண்ணெயை உறிஞ்சிடும்.

இதெல்லாம் நிதானமா, வருஷக்கணக்கில, அவசரமில்லாம கத்துக்கிட்டது. போன வருஷம் மார்கழிக்கு முன்னாடி ஒரு அவசரம் வந்தது.

திருநகர்ல எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர். தெருவுக்கே 'ஏர்ஃபோர்ஸ் மாமா'. 1969-ல சேர்ந்தவர், விமானத்தோட உடம்பை கவனிக்கிற ஃபிட்டர். ஜினாட் விமானத்துலதான் பல வருஷம் வேலை. ஜினாட்டைத் தெரியாதவங்களுக்கு: பிரிட்டன்ல பெட்டர்ங்கிறவர் வடிவமைச்ச ரொம்பச் சின்ன போர் விமானம், நீளம் ஒம்போது மீட்டர் கூட வராது. அவங்க ஊர்ல பயிற்சி விமானமா ஓடிச்சு, நம்மாளுங்க பெங்களூர் எச்.ஏ.எல்.ல செஞ்சு போருக்கே அனுப்பினாங்க. 1965 போர்ல பாகிஸ்தானோட சேபர் விமானங்களை அடிச்சதுல 'சேபர் ஸ்லேயர்'னு பட்டப்பெயர். 1971 டிசம்பர் 14-ஆம் தேதி ஸ்ரீநகர்ல நிர்மல் ஜித் சிங் சேக்கோன் மேலே ஏறி சண்டை போட்டு உயிரை விட்டது இந்த விமானத்துலதான். நம்ம விமானப்படையில பரம்வீர் சக்ரா வாங்கினவர் அவர் ஒருத்தர்தான்.

மாமாவோட வீடு வித்தாச்சு. தை பிறந்ததும் புனேயில இருக்கிற மகன் வீட்டுக்குப் போறார். அத்தை தவறிப்போய் ரெண்டு வருஷம் ஆகுது, தனியா இருக்க வேண்டாம்னு மகன் சொல்லிட்டாராம். ஐம்பது வருஷச் சாமானை ரெண்டு பெட்டியில அடைக்கணும். "மாப்ள, எல்லாத்தையும் குடுத்துட்டேன். ஒரே ஒரு ஜினாட் மட்டும் செஞ்சு குடுப்பா. பெட்டியில துணிக்கு நடுவுல வச்சுக்கறேன்"னார்.

என்கிட்ட ஒரே ஒரு 1/72 ஜினாட் கிட் இருந்தது. செஞ்சா பன்னெண்டு சென்டிமீட்டர், உள்ளங்கையில அடங்கிரும். எட்டு வருஷமா எடுக்காம வச்சிருந்தது. கெட்டுப்போனா இன்னொண்ணு வாங்கி, அது வந்து சேர்ந்து, செஞ்சு குடுக்கறதுக்குள்ள அவர் புனே போய் பொங்கலே முடிஞ்சிருக்கும்.

"என்ன நிறம் மாமா, போர் சமயத்துப் பச்சையா?"

"அட போப்பா. பச்சை நாங்க அடிச்சது. ராவோட ராவா, கிடைச்ச பெயிண்டை கிடைச்ச எண்ணெயில கரைச்சு, வீட்டுக்கு அடிக்கிற பிரஷ்ஷால அடிச்சோம். ஒரு விமானம் மாதிரி இன்னொண்ணு இருக்காது. எனக்கு நான் சேர்ந்தப்ப பார்த்தது வேணும். வெள்ளி."

(அப்ப பட்ஜெட் பெயிண்டிங்ல எனக்கு முன்னோடி இந்திய விமானப்படை. இதைச் சொன்னதும் மாமா விழுந்து விழுந்து சிரிச்சார்.)

வெள்ளி நிறம்தான் எனாமல்லயே கஷ்டமானது. கடையில கிடைக்கிறது அலுமினிய பெயிண்ட், தண்ணி டேங்குக்கும் கிரில் கேட்டுக்கும் அடிக்கிறது. அதுல ரெட்டை டப்பாவா வர்றதைக் கேட்டு வாங்குங்க: ஒண்ணுல அலுமினியப் பசை, இன்னொண்ணுல வார்னிஷ். அலுமினியம் பொடியா இல்லாம மீன் செதில் மாதிரி தட்டையா இருக்கும். ஒவ்வொரு செதில் மேலயும் மெல்லிய கொழுப்புப் பூச்சு உண்டு. அந்தப் பூச்சுதான் செதிலை மேல மிதக்க வச்சு, ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒண்ணோட ஒண்ணு அடுக்கி நிறுத்தும். அந்த அடுக்குதான் வெள்ளிப் பளபளப்பு. என்.சி. தின்னர் மாதிரி முரட்டுச் சரக்கைக் கலந்தா அந்தப் பூச்சு கலைஞ்சு, செதிலெல்லாம் முங்கிப் போய், வெறும் சாம்பல் நிறம்தான் மிச்சம். ஒருநாள் முன்கூட்டியே கலந்து வச்சாலும் மினுமினுப்பு குறையும். அடிக்கிற அன்னிக்குக் கலக்கணும்.

இன்னொரு தொல்லை: கேட்டுக்கான செதில் பெருசு. கேட்ல தெரியாது. பன்னெண்டு சென்டிமீட்டர் விமானத்துல ஜிகினாத் தூள் ஒட்டின மாதிரி இருக்கும்.

இதுக்கு வழி விளாச்சேரியில கிடைச்சது. திருநகரை ஒட்டின ஊர். கொலு பொம்மைக்கும் பிள்ளையாருக்கும் பேர் போனது. அங்கே பொம்மை செய்யற ஒரு அக்கா மண்ணைத் தொட்டியில கரைச்சுட்டு சும்மா நின்னுக்கிட்டிருந்தாங்க. என்னக்கா பண்றீங்கன்னு கேட்டேன். "மணலும் கல்லும் முதல்ல அடியில போகும் தம்பி. மேல மிதக்கறதை வேற தொட்டிக்கு மாத்தினா நைஸ் மண்ணு." அவ்வளவுதான்!

வீட்டுக்கு வந்து அலுமினியப் பசையில சுண்டைக்காய் அளவு எடுத்து, அரை டம்ளர் டர்பன்ட்டுல கரைச்சு, கடிகாரத்தைப் பார்த்து மூணு நிமிஷம் விட்டேன். பெரிய செதில் எல்லாம் அடியில. மேலே புகை மாதிரி மிதந்ததை மட்டும் ஃபில்லரால வேற குப்பிக்கு மாத்தி ராத்திரி முழுக்க மூடி வச்சேன். காலையில அடியில மாவு மாதிரி ஒரு வெள்ளி வண்டல். தெளிஞ்ச டர்பன்ட்டை வடிச்சிட்டு, அந்த வண்டலோட கொஞ்சமே கொஞ்சம் வார்னிஷ். அடடா, என்ன நைஸ்!

ஸ்ப்ரூவுல மூணு தடவை ஒத்திகை பார்த்துட்டுத்தான் விமானத்துக்கே போனேன். முதல்ல சாம்பல் நிற எனாமல் ஒரு மெல்லிய கோட். அது முழுசா காயணும்.

இங்கேதான் பலரும் எனாமல் மேல கோபப்படறாங்க. எனாமல் ரெண்டு கட்டமா காயும். முதல்ல டர்பன்ட் ஆவியாகும், சில மணி நேரத்துல தொட்டா ஒட்டாது. ஆனா உள்ளே பசை இன்னும் பச்சை. அது காத்துல இருக்கிற ஆக்சிஜனை இழுத்து, தன்னுக்குள்ள பின்னிக்கிட்டு இறுகணும். அதுக்கு நாள் கணக்கு. தடிமனா அடிச்சா மேல்தோல் மூடிக்கிட்டு, ஆக்சிஜன் உள்ளே போக வழியில்லாம வாரக்கணக்கா மெத்துமெத்துன்னே இருக்கும். மெல்லிசா அடிக்கணும்னு நான் பாட்டா பாடறதுக்கு அழகு மட்டும் காரணம் இல்லை. காய்ஞ்சுதான்னு தெரிஞ்சுக்க மூக்குதான் கருவி. முகர்ந்து பாருங்க, பெயிண்ட் வாசம் துளியும் இல்லைன்னா அடுத்த கோட்.

மார்கழிப் பனியில வாசம் போவேனான்னது. ரெண்டு நாள் மொட்டை மாடியில, சோறு மூடற வலைக்கூடையைக் கவிழ்த்து வச்சேன், தூசிக்கு. (ஆடி மாசமா இருந்தா அதுவும் பறந்திருக்கும்.) டர்பன்ட் முழுக்கப் போனதுக்கப்புறம், அட்டைப்பெட்டியில ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டு, கோழிக்குஞ்சுக்கு வைக்கிற மாதிரி நாப்பது வாட் குண்டு பல்பு ஒண்ணு, அட்டையில படாம. கையை உள்ளே விட்டா இதமா இருக்கணும், சுடக்கூடாது. சுட்டா ரெக்கை வளைஞ்சுரும். ஈர பெயிண்டோட இதைப் பண்ணவே கூடாது. ஆவி தேங்கி நின்னா பல்பே வத்திக்குச்சி ஆயிரும். நான் கூடவே உட்கார்ந்திருந்தேன்.

நடுவுல ரெண்டு கண்டிப்பான விஷயம். என் சின்ன மகளுக்கு வீசிங் உண்டு, அதனால எங்க வீட்டுக்குள்ள டர்பன்ட் பாட்டில் திறக்கறதே கிடையாது, எல்லாம் மாடியில. கொரோனாவுக்கு வாங்கின என்-95 இருக்கேன்னு நினைக்காதீங்க. அது தூசியைத் தடுக்கும், டர்பன்ட் ஆவியைத் தடுக்காது. அதுக்குக் கரி அடைச்ச வடிகட்டி வச்ச மாஸ்க் வேணும், இல்லைன்னா திறந்த வெளி. ரெண்டாவது, ஈயம். வீட்டு பெயிண்ட்ல ஈயம் பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல இருக்கக் கூடாதுன்னு 2016-ல விதி வந்தது. பரண் மேல கிடக்கிற அதுக்கு முந்தின டப்பாவை, அதுவும் மஞ்சளும் சிவப்பும், ஓசின்னு எடுக்காதீங்க. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா வர்ற தூசி பிள்ளைகளுக்கு விஷம். துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போடாம விரிச்சுக் காயப்போடுங்க. எண்ணெய் பெயிண்ட் துணி குவிஞ்சு கிடந்தா தானாவே சூடாகும்.

வெள்ளி கோட் அடிச்ச அன்னிக்கு காலையில ஆறரை மணி. திருப்பரங்குன்றத்து மலை பனிக்குள்ள பாதிதான் தெரிஞ்சுது. பெயிண்ட் பால் பதத்தை விடத் தண்ணி. அகலமான மெத்துனு இருக்கிற பிரஷ், மூக்குல இருந்து வாலுக்கு ஒரே திசை. அடிச்ச இடத்துக்குத் திரும்பப் போகக் கூடாது. போனா செதில் எல்லாம் திசை மாறி, அங்கே மட்டும் தழும்பு தெரியும். திட்டுத் திட்டா சாம்பல் தெரியத்தான் செய்யும், கையைக் கட்டிக்கிட்டு எழுந்திரிச்சுடணும். நாலு நாள் கழிச்சு ரெண்டாவது கோட் அதை மூடிச்சு. பேனல் கோடு ஒவ்வொண்ணும் தெரிஞ்சுது.

வட்டம், வால் கொடி எல்லாம் ஒட்டி, மாட்டுப் பொங்கலுக்கு முந்தின வாரம் கொண்டு போனேன். வீடு காலியா, பேசினா எதிரொலிச்சுது. மாமா கண்ணாடியைக் கழட்டிட்டு, விமானத்தை மூக்குக்கிட்ட கொண்டு போய் ரொம்ப நேரம் பார்த்தார். கட்டை விரலால ரெக்கை அடியைத் தடவினார், ஏதோ கதவு சரியா மூடியிருக்கான்னு பார்க்கிற மாதிரி. நானும் ஒண்ணும் பேசலை.

அப்புறம் திருப்பி என் கையில குடுத்தார்.

"நல்லா இருக்கு மாப்ள. ஆனா பின்னாடி இவ்வளவு சுத்தமா இருக்காது. ஆர்ஃபியஸ் எஞ்சின். வால் பக்கம் வெந்துபோய்க் கறுத்திருக்கும். நாங்க எவ்வளவு தேய்ச்சாலும் போகாது."

அங்கே மறுபடி எனாமல் கறுப்பைத் தண்ணியாக்கிப் பூசினா, டர்பன்ட் கீழே இருக்கிற வெள்ளியைக் கிளப்பிரும், இன்னும் முழுசா இறுகியிருக்காது. அதனால பெயிண்டே வேண்டாம்னு, அவர் பேரன் விட்டுட்டுப் போன 4பி பென்சிலை உப்புத்தாள்ல தேய்ச்சு தூள் எடுத்து, காதுக் குடையற பஞ்சுக் குச்சியால வால் முனையில இருந்து முன்னாடி பார்த்து மெதுவா தேய்ச்சேன். மாமா பக்கத்துலயே உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம் மேல... அங்கிட்டு வேண்டாம்... ஆங், போதும்"னு சொல்லிக்கிட்டே இருந்தார்.